மூணு ரெக்கார்டும் என் ரெண்டு காதும்

இதை எழுத வேணாம்னுதான் இருந்தேன். போதகர் ஐயா, ஆண்டவர் எனக்குச் செஞ்சதைச் சாட்சியா எழுதித் தரச் சொல்லி ரெண்டு தடவை கேட்டாரு, ரெண்டு தடவையும் காது கேட்காத மாதிரி நடிச்சேன். மூணாவது தடவை, "தம்பி, அந்தச் சாக்கு இனிமே செல்லாது"ன்னுட்டாரு. ஆறாவதோட படிப்பை விட்டவன் நான். தப்பு இருந்தா சிரிச்சுக்குங்க.

சிங்கப்பூர் தனி நாடாச்சுல்ல, அதுக்கு அடுத்த வருஷம். செம்பவாங் டாக்யார்ட்ல எனக்குக் கப்பல் ரிப்பேர் வேலை. ஒரு லீவு நாள்ல சாங்கி கடல்ல யாரு ரொம்ப நேரம் முங்குறதுன்னு போட்டி. நான்தான் ஜெயிச்சேன். பரிசா ரெண்டு காதுலயும் சீழ் வச்சிருச்சு. ஒரு வாரத்துல, தலையணைக்குள்ள தலையை விட்ட மாதிரி எல்லாச் சத்தமும் அடங்கிப் போச்சு. டாக்டர் மருந்து குடுத்தாரு. திரும்பக் கேட்குமான்னு கேட்டேன், கையை விரிச்சுட்டாரு.

நான் சர்ச்ல கிட்டார் வாசிக்கிறவன். நோட்ஸைப் பாத்தா எனக்கு எறும்பு ஊர்றதுதான் தெரியும். எல்லாமே காதுல கேட்டு வாசிக்கிறது. எனக்கு வாத்தியார் மூணு ரெக்கார்ட். அதெல்லாம் என் கூட்டாளி சாமுவோடது, அதைப் போடுற பெட்டியும் அவனோடது, எல்லாத்தையும் என் ரூம்லதான் விட்டு வச்சிருந்தான். ஒண்ணு, ஒரு அம்மா ஆர்மோனியத்தோட பாடுன கீர்த்தனைங்க. அவங்க மூச்சு இழுக்கற எடம்கூட எனக்கு மனப்பாடம். இன்னொண்ணு, வெள்ளைக்காரங்க நாலு பேரு பாடுனது. வார்த்தை பாதிதான் புரியும், கிட்டார் முழுசாப் புரியும். மூணாவது, மதராஸ்லேருந்து வந்த கிறிஸ்துமஸ் பாட்டுங்க. அதைக் கீழ போட்டு நான் ஒரு கீறல் விழ வச்சிட்டேன். ரெண்டாவது பாட்டு பூரா டக், டக்னு அடிக்கும். அதுக்கு சாமு என்னைத் திட்டாத நாளே இல்ல.

காது அடைச்சதை யார்கிட்டயும் சொல்லல. கிறிஸ்துமஸுக்கு லாரியில ஏறி வீடு வீடாப் பாடப் போவோம். என்னை விட்டுட்டுப் போயிருவாங்களோன்னு பயம். பிராக்டீஸ்ல எல்லார் வாயையும் பாத்து சமாளிச்சேன். ஒரு நாள் எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு வாயை அசைச்சாங்க. ஆஹா, உருகிப் பாடுறாங்கன்னு நானும் ஜோரா வாசிச்சேன்.

ஜெபம் நடந்திருக்கு.

ஒவ்வொருத்தராக் கண்ணைத் தொறந்து என்னையே பாத்தாங்க. சாமு வந்து கம்பி மேல கையை வச்சான். "கேட்கலையாடா?" உதட்டைப் பாத்தே புரிஞ்சுது. இல்லன்னு தலையாட்டினேன். அதுக்கு மேல தாங்கல, அழுதுட்டேன். சுத்தி நின்னு என் தலையில கை வச்சு ஜெபிச்சாங்க. என்ன சொன்னாங்கன்னு தெரியாது. கையோட சூடு மட்டும் தெரிஞ்சுது.

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு ரூம்ல இருந்தேன். அங்க ரெக்கார்டைப் போட்டு, பெட்டியோட மர ஓரத்தைப் பல்லால கடிச்சுக்குவேன். பல்லு வழியா ஆர்மோனியம் லேசா வரும். கடிச்சபடியே மனசுக்குள்ள வேண்டுவேன். பெரிய ஜெபமெல்லாம் எனக்கு வராது. "ஆண்டவரே, அந்த அம்மா மூச்சு இழுக்கறதை இன்னொரு தடவை கேட்கணும்." அவ்வளவுதான்.

டிசம்பர் பொறந்துச்சு. கேட்குதோ இல்லையோ, ரெக்கார்டைப் போட்டுவிடறது பழக்கம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிறிஸ்துமஸ் ரெக்கார்ட் சுத்திக்கிட்டு இருக்கு, நான் ஷேவ் பண்ணிக்கிட்டு இருக்கேன். டக். டக். குழாய் ஒழுகுதுன்னு போயி இறுக்கி மூடினேன். நிக்கல. டக். டக். பாதி முகத்துல சோப்போட அப்படியே நின்னேன். ஒழுகறது குழாய் இல்ல. என்னோட கீறல்.

முட்டி போட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு அந்த அம்மாவோட மூச்சும் வந்துச்சு. இடது காது இன்னும் கொஞ்சம் மந்தம்தான். மருந்தாலதான் சரியாச்சுன்னு டாக்டர் சொன்னாரு. இருக்கட்டும், அந்த மருந்தும் ஆண்டவர் குடுத்ததுதானே. அந்தக் கிறிஸ்துமஸ் லாரியில என் கிட்டாரும் ஏறுச்சு.

இப்ப மத்தவங்க பாடுறதை முதல்ல கேட்குறேன், அப்புறம்தான் வாசிக்கிறேன். ஜெபம்னா கிட்டாரைக் கீழ வச்சிடறேன். உங்களுக்கும் ஏதாவது அடைச்சுப் போயிருந்தா அவர்கிட்ட கேளுங்க. சின்னதாவே கேளுங்க. அவருக்குக் காது நல்லாக் கேட்கும்.

இதை எழுதி முடிச்சு சாமுகிட்ட படிச்சுக் காட்டினேன். கண்ணைத் தொடைச்சுக்கிட்டு சொன்னான்:

"சாட்சி நல்லாத்தான் இருக்கு லா, என் பெட்டியில இருக்கற பல்லுத் தடத்துக்கு யாருடா பதில் சொல்றது?"