அட்டையோடு நின்றுவிட்டவர்

கொல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகப் பகுதியில், கப்பலில் வந்த சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஓர் ஏஜென்சியில் துரைசாமி வெகுகாலமாக வேலை பார்க்கிறார். ஆபீசில் அவரைப் பிடிக்காதவர் யாரும் கிடையாது. அவர் அங்கே இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது என்பதுதான் காரணம். வாய் வலிக்குமோ என்று பேசுகிற மனிதர்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பைத்தியம். பழைய தமிழ் காமிக்ஸ். டாலிகஞ்ச் குடியிருப்பில் கட்டிலுக்கடியில் இரண்டு தகர டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருந்தார். தபாலில் வரவழைத்தவை சில. கொல்கத்தாவைக் காலி செய்துகொண்டு போன தமிழ்க் குடும்பங்கள் எடைக்குப் போடவிருந்ததைக் கெஞ்சி வாங்கியவை மீதி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலின் மேல் ஒரு வேட்டியை விரித்து, பத்துப் பன்னிரண்டு புத்தகங்களை வரிசையாக வைப்பார். படிக்க மாட்டார். அட்டையை மட்டும் பார்ப்பார்.

பார்க்க வேண்டிய அட்டைகள்தான் அவை. சிவகாசி அச்சில் வானம் ஒன்று ரத்தச் சிவப்பாக இருக்கும், இல்லையென்றால் மாம்பழ மஞ்சளாக இருக்கும், நடுவில் ஒரு நிறம் கிடையாது. அச்சு கொஞ்சம் நகர்ந்ததில் கதாநாயகியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் ஏறியிருக்கும். பாறையைப் பிடித்துத் தொங்குகிறவனின் விரல் நகத்தில்கூட ஓவியர் ஒரு பொட்டு வெளிச்சம் வைத்திருப்பார். உள்ளே கதையில் பாறையும் இருக்காது, தொங்குகிறவனும் இருக்க மாட்டான். அட்டையை நம்பி ஏமாந்த பையன்களின் சாபம் அந்த ஓவியர்களைச் சும்மா விட்டிருக்காது. துரைசாமிக்கு மட்டும் அதில் ஒரு வருத்தமும் இல்லை.

முன்பெல்லாம் ரசித்துத்தான் பார்த்தார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், துர்கா பூஜை முடிந்த கையோடு, ஒரே மகள் சாய்பிரியா டெங்குவில் போனாள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண். பிளேட்லெட் வேண்டும் என்றதும் துரைசாமி ரத்த வங்கிக்கு ஓடினார். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் மனைவி கனகவல்லி ஒருத்திதான்.

கடைசி நேரத்தில் என்ன நடந்தது என்று துரைசாமி அவளைக் கேட்கவே இல்லை. கேட்பார் கேட்பார் என்று அவள் காத்திருப்பது அவருக்குத் தெரியும். அவள் பேச்சை எடுத்த போதெல்லாம் சட்டையை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போய்விடுவார். அழவும் இல்லை. காரியம் முடிந்த மறுநாளே ஆபீசுக்குப் போனார். உள்ளே ஏதோ மரத்துப்போயிருந்தது. பசித்தது, சாப்பிட்டார். தூக்கம் வந்தது, தூங்கினார். ஞாயிற்றுக்கிழமை வேட்டியை விரித்தார். அட்டைகளை ரசித்தார் என்று சொல்ல முடியாது. பார்த்தார், அவ்வளவுதான்.

இந்த மனுஷனுக்கு மிச்சம் இருப்பது இது ஒன்று, இதையும் பூச்சி அரித்துவிடக் கூடாது என்று கனகவல்லி நினைத்தாள். மழைக்காலத்தில் டிரங்குப் பெட்டி முழுக்கப் பூசணம் பிடித்திருந்தது. அவர் பிறந்தநாளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு பெட்டியையும் ஆட்டோவில் ஏற்றி, மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற பைண்டிங் கடையில் கொடுத்தாள். பழைய அட்டை எதற்கு, எடுத்துவிடட்டுமா என்று கடைக்காரர் பெங்காலியில் கேட்டார். புது அட்டை போடும்போது பழசு எதற்கு என்று இவளும் தலையாட்டிவிட்டாள். கடைக்காரர் அட்டைகளைப் பிய்த்துப் போட்டு, ஏழெட்டுப் புத்தகங்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்து, ஓரம் வெட்டி, கறுப்பு ரெக்ஸின் ஒட்டினார். தமிழ் தெரியாததால் நடுவில் சில புத்தகங்கள் தலைகீழாகவே இருந்தன. முதுகில் தங்க எழுத்தில் துரைசாமியின் பெயர், அதுவும் பெங்காலியில்.

பிறந்தநாளன்று துரைசாமி ஒரு தொகுதியைப் பிரித்தார். எடுத்த எடுப்பில் முதல் பக்கத்திலேயே ஒருவன் குண்டடிபட்டுக் கிடந்தான். மூடி வைத்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். கனகவல்லிக்கு முகம் மலர்ந்தது. வெகுநாளைக்குப் பிறகு மலர்ந்த முகம். அதைப் பார்த்தும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வெறும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். குட்டு உடைந்தது ராகவால். ராகவ் அடுத்த பிளாக்கில் இருக்கும் ஐ.டி. பையன், ஈரோட்டுக்காரன், அவ்வப்போது அட்டைகளைப் போட்டோ எடுக்க வருவான். தொகுதியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, அட்டையெல்லாம் எங்கே சார் என்று மெதுவாகக் கேட்டான். காபியோடு வந்த கனகவல்லி அப்படியே நின்றாள். விஷயம் புரிந்ததும் டம்ளரை வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினாள். அட்டைகளைப் பழைய பேப்பர்காரன் அள்ளிக்கொண்டு போய் எத்தனையோ நாளாகியிருந்தது.

திரும்பி வந்தபோது ராகவ் போய்விட்டிருந்தான். அவள் கணவருக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்ல?”

“திட்டணும்னு தோணல.”

“உசுரா வச்சிருந்தீங்களே. கோபம்கூடவா வரல?”

துரைசாமி நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். கோபம் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினார், கிடைக்கவில்லை. அவளிடம் பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

“அட்டையில கத்திய ஓங்கிட்டுத்தான் நிப்பான் கனகா. குத்தியிருக்க மாட்டான். உள்ள போனாத்தான் செத்துப்போவாங்க. அதனாலதான் நான் அட்டையோடயே நின்னுட்டேன்.”

“நீங்க நின்னுட்டீங்க. நான் உள்ளதானே இருந்தேன்.”

அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. துரைசாமிக்கு எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. வீட்டில் பால் இருந்தது. சட்டை கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கியது. அவர் எழுந்திருக்கவில்லை.

“அன்னைக்கு என்ன ஆச்சு? சொல்லு,” என்றார்.

கனகவல்லி ஆரம்பத்திலிருந்து சொன்னாள். சாய்பிரியா தண்ணீர் கேட்டாளாம். கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னதால் இவள் பஞ்சை நனைத்து மகளின் உதட்டில் வைத்தாளாம். கண் கூசுகிறது, லைட்டை அணை என்றாளாம் மகள்.

“அப்பா வந்தாச்சான்னு கேட்டா. வெளிய நிக்கிறாரு, கூப்பிடட்டுமான்னு பொய் சொன்னேன். வேண்டாம்மா, அப்பா பயந்துருவாரு, அங்கேயே இருக்கட்டும்னா.”

துரைசாமி அழவில்லை. நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“அப்புறம்?” என்று கேட்டார்.