அருவித் தண்ணியில் ஊறின சதை

குத்தாலத்து அருவித் தண்ணியை நான் யாருக்கும் பாட்டில்ல பிடிச்சுக் குடுக்கமாட்டேன். வெளியூர்லயிருந்து வருத சொந்தக்காரங்க ஆசையாக் கேப்பாங்க. வேணும்னா நீங்களே போயி பிடிச்சிக்கிடுங்கன்னு சொல்லிருவேன். திமிர் பிடிச்சவள்னு எனக்குப் பேரு. இருந்துட்டுப் போகட்டும். என் வீட்டுக்காரரோட அண்ணன் அந்தத் தண்ணியை வச்சு எனக்குப் பண்ணின காரியத்தை நெனச்சா, இத்தனை வருசம் கழிச்சும் வயிறு எரியுது.

பெரியத்தான்னுதான் கூப்பிடுவேன். வாய்ப் பழக்கத்துல அவருன்னு சொல்லுதேனே தவிர, மனசுக்குள்ள அந்த ஆளுக்குக் குடுக்குத மரியாதையே வேற. குத்தாலத்துல பேரருவிக்குப் போற பாதையில எங்களுக்குப் பெரிய வீடு. முன்பக்கம் ஏழு அறை. ஆனி பொறந்து சாரல் அடிக்க ஆரம்பிச்சிட்டா ஏழையும் சீசனுக்கு வாரவங்களுக்கு வாடகைக்கு விட்டுட்டு, நாங்க அஞ்சு பேரும் பின்கட்டுல ஒடுங்கிக்கிடுவோம். பெரியத்தான், அவரு பெண்டாட்டி, நான், என் வீட்டுக்காரர், எங்க பெண் குழந்தை. பெரியத்தான் பெண்டாட்டியை அக்கான்னு கூப்பிடுவேன். அவளுக்குப் பிள்ளை இல்ல. என் வீட்டுக்காரர் தென்காசியில ஒரு ஜவுளிக் கடையில வேலைக்கு நின்னாவ. அண்ணன் கிழிச்ச கோட்டைத் தாண்டமாட்டாவ.

முன்கூடத்து மாடத்துல ஒரு கண்ணாடி பாட்டில் இருக்கும். அதுல அருவித் தண்ணி. வருத ஆளுககிட்ட எல்லாம் அதை எடுத்துக் காட்டி, இது எங்க அப்பா காலத்துல பிடிச்சு வச்சது சார், மூலிகை மேல பட்டு வருத தண்ணி, எத்தனை வருசமானாலும் கெடாதுன்னு பெரியத்தான் அளப்பாரு. மெட்ராஸ்காரங்க வாயைப் பிளந்து கேப்பாங்க. நான் கல்யாணமாகி வந்த முதல் வருசமே விசயம் தெரிஞ்சு போச்சு. மாசத்துக்கு ஒருக்க பாசி பிடிக்கும். அக்காதான் ஆள் இல்லாத நேரம் பாத்து, உமியைப் போட்டுக் குலுக்கிக் கழுவி, புதுத் தண்ணி ஊத்தி வைப்பா. அவருக்கு அது தெரியாது. சொல்லிராதட்டி, மனுசன் நொந்து போவாருன்னா. எனக்குச் சிரிப்பா வந்தது. நானும் சொல்லல.

அறுபதுகளோட ஆரம்பம் அது. எனக்கு இருபத்தோரு வயசு, பிள்ளைக்குப் பத்து மாசம். சித்திரையில என் வலது முழங்கைக்குக் கீழ ஒரு தடிப்பு வந்தது. ஓரம் செவந்து, நடு வெளுத்து, வளையம் போட்ட மாதிரி. அரிக்கல, வலிக்கல. ஏதோ வேனல்ல வருததுன்னு விட்டுட்டேன். ஒரு நாள் பெரியத்தானுக்குச் சோறு வச்சிட்டுக் குழம்பு ஊத்தும்போது அதைப் பாத்துட்டாரு. இலையில வச்ச கையை எடுத்துட்டு, ஊக்கு கொண்டுவரச் சொல்லி, மரத்துப் போயிருக்கான்னு பாக்க அதால குத்தினாரு. வலிக்குன்னேன். பொய் சொல்லாதேன்னாரு. மறுபடி குத்தினாரு, ரத்தம் வந்தது. கண்ணுல தண்ணி முட்ட, வலிக்குன்னு திருப்பிச் சொன்னேன். அந்த ஆள் எந்திரிச்சுப் போயி கையைக் கழுவிட்டு, இது பெருவியாதின்னு என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலமே என்னைக் கொல்லையில விறகு அடுக்குத விறகுப்பெரைக்கு மாத்தியாச்சு. தனித் தட்டு, தனி லோட்டா. பிள்ளையை அக்கா இடுப்புல வாங்கிக்கிட்டா. சீசன் வருது, குஷ்டம் பிடிச்ச மருமகள் இருக்கான்னு ஒரு வார்த்தை வெளியில போனா ஏழு அறையிலயும் வவ்வால்தான் குடியிருக்கும்னாரு பெரியத்தான். என் வீட்டுக்காரர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாவ. பால் கட்டி மாரு ரெண்டும் கல்லாப் போச்சு. பின்கட்டுல பிள்ளை அழுத சத்தம் கேக்கும். இங்கன நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு விறகு மேல பாலைப் பீச்சி விடுவேன். அப்படி ஒரு நெலமை எந்தப் பகையாளிக்கும் வரக்கூடாதுன்னு சொல்லுவாங்க. நான் சொல்லமாட்டேன். பெரியத்தானுக்கு வந்திருக்கணும்.

என் வீட்டுக்காரர் ஒண்ணே ஒண்ணு செஞ்சாவ. தென்காசியில ஒரு லேடி டாக்டர்கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போனாவ. அந்த டாக்டரம்மா பஞ்சைத் திரிச்சுத் தடிப்பு மேல தொட்டுப் பாத்தாவ. ஒரு எடத்துல தெரியுதுன்னேன், ஒரு எடத்துல தெரியலன்னேன். பயத்துல எனக்கே எது நெசம்னு புரியல. காது மடலையும் தடிப்போட ஓரத்தையும் லேசாக் கீறி, வந்த ஊனைக் கண்ணாடிச் சில்லுல தடவி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்புல பாத்தாவ. கிருமி ஒண்ணும் தெரியல. ஆனா கிருமி தெரியலைன்னு இந்த நோயில அடிச்சுச் சொல்ல முடியாதாம். தோல்ல ஒரு துண்டு வெட்டி மதுரைக்கு அனுப்புவோம், அங்கன சீவிப் பாத்துச் சொல்லிருவாங்கன்னாவ. அதுவரைக்கும் பிள்ளையைத் தள்ளியே வைக்கச் சொல்லிட்டாவ. அந்த அம்மா மேல எனக்குக் கோவம் இல்ல. தெரியாததைத் தெரியலைன்னு சொல்லுத வாய் அது.

மரத்துப் போக ஊசி போட்டு, புளியங்கொட்டையில பாதி அளவுக்கு வெட்டினாவ. அதை ஒரு சின்ன பாட்டில்ல பார்மலின் மருந்துக்குள்ள போட்டாவ. கண்ணைக் கரிக்கிற நெடி. மேசையில அதே மாதிரி இன்னொரு பாட்டில் இருந்தது. பண்பொழிக்காரி ஒருத்திக்குத் தொண்டையில முழுங்கும்போது ஏறி எறங்குத கட்டி. அதுல வெட்டின துண்டாம். ரெண்டையும் புதன்கிழமை ஆஸ்பத்திரி ஆள் ரயில்ல கொண்டு போவான்னாவ. துணைக்கு வந்திருந்த பெரியத்தான் ஒத்துக்கிடல. ஆஸ்பத்திரி ஆள் தெருவெல்லாம் சொல்லிருவான், நானே கொண்டு போறேன்னு நின்னாரு. பாட்டிலைத் தெறக்கக் கூடாது, தாமதிக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா ரெண்டு தடவை சொல்லி அனுப்பினாவ.

அந்த ஆள் அஞ்சு நாள் கழிச்சுத்தான் மதுரைக்குப் போனாரு. அறைக்கெல்லாம் வெள்ளையடிக்க ஆள் வந்திருந்ததாம். என் பிள்ளை அங்கன பாலுக்கு அழுதுக்கிட்டு இருக்கு, இவருக்குச் சுண்ணாம்பு காயணும். ஆனி பொறந்து பத்து நாள் ஆனபிறகு ஒரு தாளோட திரும்பி வந்தாரு. விறகுப்பெரை வாசல்ல, உள்ள வராம நின்னுக்கிட்டு, என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னாரு.

“சதை அழுகிப் போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டாம்ப்பா. இனி என்னத்த சொல்ல.”

கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். வெட்டின எடம் நல்லா ஆறி இருந்தது. அழுகுத சதை எப்படி ஆறும்னு ஒரு பக்கம் தோணுது, பெரிய டாக்டர்களே எழுதிட்டாங்களேன்னு ஒரு பக்கம். இலத்தூர்ல எங்க அம்மா வீட்டுக்கு என்னை அனுப்பிருததுன்னு முடிவு பண்ணிட்டாங்க. பிள்ளை இங்கனயே இருக்கும். என் வீட்டுக்காரர் அதுக்கும் தலையை ஆட்டினாவ. எனக்கு வந்த கோவத்துல, அந்தத் தாளைக் குடுங்கன்னு பிடுங்காத குறையா வாங்கிக்கிட்டு, மறுநாள் காலையில யார்கிட்டயும் சொல்லாம தென்காசிக்கு நடந்தேன். சாரல்ல நனைஞ்சு, மூணு மைல்.

டாக்டரம்மா தாளைப் படிச்சதும் மொகம் மாறிப் போச்சு. அழுகினது உன் கையில இல்லம்மா, பாட்டிலுக்குள்ளன்னாவ. மருந்து இல்லாம வெறும் தண்ணியில வந்திருக்கு, பாக்க முடியல, வேற துண்டு அனுப்புங்கன்னுதான் எழுதியிருக்காம். மருந்தை யார் கொட்டினதுன்னு என்னைக் கேட்டாவ. கேக்கும்போதே எனக்கு வெளங்கிருச்சு. முன்கூடத்து மாடம் கண்ணுக்குள்ள வந்து நின்னுது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அந்த ஆள் ஒரு பொட்டுக்கூடக் கூசல. அந்த நாத்தம் பிடிச்ச மருந்து சதையைப் பொசுக்கிரும்னு பாத்தாராம். ரயில்ல நெடி அடிச்சா நாலு பேரு கேப்பானாம். அதனால கொட்டிட்டு அருவித் தண்ணி ஊத்தினாராம். அப்பா காலத்துத் தண்ணியே கெடல, இதுல அஞ்சு நாள்ல சதை அழுகிருக்குன்னா, அது உன் நோயோட வேகம்னு எனக்கே பாடம் சொன்னாரு. அக்கா அடுப்புப் பக்கம் பாத்துக்கிட்டு நின்னா, இடுப்புல என் பிள்ளை. அருவித் தண்ணி கெடுமா கெடாதான்னு அந்த வீட்டுல என்னை விட்டாத் தெரிஞ்சவ அவ ஒருத்தி. அவரு பாட்டில்ல ஊத்தும்போது அவதான் கூட நின்னிருக்கா. சொல்லல. அன்னைக்கும் சொல்லல. முதல் வருசம் சிரிச்சுக்கிட்டு வாயை மூடினவ நானும்தான், அதை நெனச்சு என்னை நானே செருப்பால அடிக்கணும்போல இருந்தது.

ரெண்டாவது தடவை வெட்டும்போது மரத்துப் போகுத ஊசி சரியாப் பிடிக்கல. வலிச்சது. வலிக்கட்டும், வலிச்சா நல்லதுதானேன்னு சத்தம் போடாம கிடந்தேன். ஆஸ்பத்திரி ஆள் பாட்டிலோட தென்காசி ஸ்டேஷன்ல ரயில் ஏறுத வரைக்கும் நான் கூடவே போயி நின்னேன். ரயில் நகந்த பெறகுதான் நடந்தேன்.

பதிமூணாம் நாள் சேதி வந்தது. தாளோட, சதையைச் சீவி ஒட்டின கண்ணாடிச் சில்லும் வந்திருந்தது. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்புல குனியச் சொன்னாவ. எனக்கு எல்லாம் ரோஸ் கலர்ல நெளிநெளியாத் தெரிஞ்சுது. நடுவுல நீளமா ஒரு கட்டு தெரியுதான்னு கேட்டாவ. தெரியுதுன்னேன்.

“அது நரம்பு. குஷ்டம்னா முதல்ல அதைத்தான் அரிக்கும். உனக்கு முழுசா இருக்கு. போயி பிள்ளையைத் தூக்கு.”

வட்டமாத் தடிக்கிற ஒரு தோல் கோளாறாம். ஒட்டாது, தானா வந்த மாதிரி தானாப் போயிரும்னாவ. பண்பொழிக்காரிக்கும் கட்டி நல்ல கட்டிதான்னு வந்திருந்துதாம். நான் அந்தக் கண்ணாடிச் சில்லு முன்னால கையெடுத்துக் கும்பிட்டேன். டாக்டரம்மா சிரிச்சாவ.

வீட்டுல தாளைக் காட்டினேன். பெரியத்தான் படிச்சுக்கூடப் பாக்கல. ஏழு அறையும் நெறைஞ்சிருக்கு, இப்பப் போயி நீ முன்னால நடமாடினா வேலைக்காரிக கதை கட்டிருவாளுக, ஆவணி கழியட்டும், அப்புறம் பிள்ளையை வாங்கிக்கோன்னாரு. இன்னும் ரெண்டு மாசம். என் வீட்டுக்காரர், கொஞ்சம் பொறுன்னாவ. அந்த மனுசர் கூடத்தான் அதுக்குப் பெறகும் முப்பது வருசம் குடித்தனம் பண்ணினேன், அதையும் சொல்லிரணும்.

மறுநாள் காலையில முன்கூடத்துல குளிச்சிட்டு வந்த ஆளுக பத்துப் பன்னிரண்டு பேரு, தலையில எண்ணெய் மினுங்க உக்காந்திருந்தாங்க. பெரியத்தான் மாடத்துப் பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டு அளந்துக்கிட்டிருந்தாரு. நான் கையை மூடியிருந்த முந்தானையை முழங்கைக்கு மேல ஏத்திச் சொருகிக்கிட்டு நடுக்கூடத்துல போயி நின்னேன். எல்லாரும் என் கையைப் பாத்தாங்க.

“இந்தத் தண்ணியில அஞ்சே நாள்ல அழுகினது என் சதை. எனக்குக் குஷ்டம்னு சொல்லி விறகுப்பெரையில போட்டு, பிள்ளையப் பிரிச்சு வச்சாரு. குஷ்டம் இல்லைன்னு தாள் இருக்கு. அந்தப் பாட்டில்ல மாசா மாசம் தண்ணி மாத்துதது யாருன்னு பின்கட்டுல கேட்டுப் பாருங்க.”

குஷ்டம்ங்கிற சொல்லுக்குப் பெறகு யார் காதுலயும் ஒண்ணும் ஏறல. மத்தியானத்துக்குள்ள அஞ்சு அறை காலி. அந்த ஆள் பாட்டிலை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. எனக்கு ஒரு சொட்டு இரக்கம் வரல.

பின்கட்டுக்குப் போயி கையை நீட்டினேன். அக்கா பிள்ளையைக் குடுத்தா. பிள்ளை என்னைப் பாத்து அலறிச்சு. பின்னால வளைஞ்சு, அக்கா பக்கம் ரெண்டு கையையும் நீட்டி, அம்மா, அம்மான்னு கத்திச்சு. அந்தச் சொல்லை நான் இல்லாத நாள்லதான் படிச்சிருக்கா. அக்கா சுவர்ல சாஞ்சு வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. மார்ல வச்சுப் பாத்தேன், பால் வத்திப் போயிருந்தது, பிள்ளைக்கும் குடிக்கத் தெரியல.

அந்த வாரமே தென்காசியில ஒத்தை அறை பிடிச்சு, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நான் வந்துட்டேன், பின்னாலயே என் வீட்டுக்காரரும் வந்தாவ. தடிப்பு மறைஞ்சுது, சாரல் நின்னுது, அருவியும் வத்திச்சு. பிள்ளை என்கிட்ட சோறு தின்னா, என் மடியில தூங்கினா, ஆனா என்னை ஒண்ணும் சொல்லிக் கூப்பிடல. மார்கழியில ஒரு நாள் நான் வாசல்ல உக்காந்து அரிசி பொடைச்சுக்கிட்டிருந்தேன். பிள்ளை எனக்குப் பின்னால நின்னுக்கிட்டு, அம்மான்னு கூப்பிட்டா. நான் திரும்பல. அக்காதான் வந்துட்டாளாக்கும்னு தெருவைப் பாத்தேன்.