டீச்சர் வீட்டுக் காரின் பின் சீட்டு

என்னை நம்பி ஒரு பொருளைக் கொடுத்த ஒரு பெண்மணியிடம் நான் வாக்குத் தவறினேன். அதை மறைக்க அவர் முகத்தைப் பார்த்தே பொய்யும் சொன்னேன். சென்னையில் பெருவெள்ளம் வந்துபோன மறு ஆண்டு முடிச்சூரில் நடந்தது இது. எனக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. இதுவரை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

நான் தொழிற்சாலை ஒன்றில் வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், சிட்லபாக்கவாசி. பழைய கார்களின் மேல் எனக்குப் பைத்தியம் உண்டு. முடிச்சூரில் தனியாக வசித்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டு வாசலில், ஐம்பதுகளில் வந்த உருண்டை மட்கார்டு வைத்த கறுப்புக் கார் ஒன்று நிற்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். காலமான அவர் கணவரின் கார். வெள்ளத்தில் ஜன்னல் மட்டத்துக்கு மூழ்கியிருந்தது.

டீச்சர் காசு வேண்டாம் என்றுவிட்டார். "ஓட வெச்சீங்கன்னா போதும் சார். ஒரே ஒரு தடவை என்னைப் பின்னாடி உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போங்க. அப்புறம், அந்தப் பின் சீட்டை மட்டும் மாத்திடாதீங்க. அது அப்படியே இருக்கட்டும்."

"சரி டீச்சர்" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்கப்போய் அவர் மனம் மாறி, காரைத் தர மாட்டேன் என்றுவிட்டால்?

பட்டறையில் ஏற்றிப் பார்த்தபோது பாடி தேறும் போலிருந்தது. ஆனால் அதைத் தாங்கும் சேஸிஸ் துருவேறி, சுத்தியலால் தட்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பொறுமையாக இரும்பு வெட்டி ஒட்டுப்போட்டுச் சரிசெய்திருக்கலாம். அந்த நேரம் பார்த்து, பந்தயங்களில் ஓடிய ஒரு காரின் சேஸிஸ் என்ஜினோடு விலைக்கு வந்தது. குழாய்களை வெல்டு செய்து கூண்டு போலக் கட்டியது. வாலிபத்தில் சோழவரத்துக் கார் பந்தயங்களை வேலியோரம் நின்று பார்த்தவன் நான். பழைய பாடியை அந்தச் சேஸிஸ் மேல் உட்கார வைத்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் வந்ததோடு என் புத்தி போயிற்று.

அளவு எதுவும் பொருந்தவில்லை. சேஸிஸ் பாடியைவிட ஒரு சாண் கூடுதல் நீளம். பின் மட்கார்டுகளை அறுத்துத் தள்ளிவைத்தோம். பந்தய வண்டியில் என்ஜின் நன்றாகப் பின்னுக்குத் தள்ளி இருக்கும். அதனால் ஓட்டுநர் இருக்கையும் பின்னால் போயிற்று. அதற்கும் பின்னால் கூண்டின் குறுக்குக் குழாய்கள். பின் சீட்டுக்கு இடமே இல்லை.

வெல்டிங் செய்தவர் தாம்பரத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், வாய் ஓயாது. கழற்றிய சீட்டைப் புரட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் மெத்தைக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தியிருந்தது. சாய்மானத்தில் பள்ளிக்கூடப் பையின் வாரைக் கொண்டு ஒரு பெல்ட் தைத்திருந்தது.

"இன்னா சார் இது, பெல்ட்டெல்லாம் வெச்சி தச்சிகீது? யாரு வேலை இது?"

"யாரோ ஒட்டுப்போட்டிருக்கான். ஒரிஜினல் இல்ல. இரும்புக் கடைக்காரன் வந்தா போட்டுடுங்க."

"அந்தம்மா பத்திரமா வெச்சிக்க சொல்லிச்சின்னு நீதான சார் சொன்ன?"

"வெள்ளத்துல உளுத்துப்போச்சுன்னு சொல்லிக்கலாம்."

"இதுவா உளுத்துகீது? கல்லு கணக்கா கீது சார்!" என்று சிரித்துக்கொண்டே இரண்டு தட்டுத் தட்டினார். தூசிதான் பறந்தது.

காரின் கதவுகளில் வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கோடு பளிச்சென்று இருந்தது. சீட்டில் அந்தக் கோடு இல்லை. நாற்பது வருடம் அளவுகோலும் கையுமாகத் திரிந்தவனுக்கு அது உறைக்கவில்லை.

வண்டி தயாரானதும் டீச்சருக்குச் சொல்லி அனுப்பினேன். அதைச் சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தராது. பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் நிறுத்தியிருந்தேன். ஆட்டோவில் வந்து இறங்கினார். நல்ல புடவை கட்டியிருந்தார், கையில் கேக் டப்பா. கண்ணாடி போல மின்னிய கறுப்புப் பெயின்டைத் தடவிப் பார்த்தார். பின் கதவைத் திறந்தார். குழாய்கள்தான் இருந்தன.

"சீட்டு எங்க சார்?"

"உளுத்துப்போச்சு டீச்சர். வெள்ளத் தண்ணி பாருங்க. கையில எடுத்தா பிச்சுக்கிட்டு வருது."

அவர் என்னைப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட இருக்காது. பிறகு, "அப்படியா. பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். கேக் டப்பாவை என்னிடம் கொடுத்தார். வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போய்விட்டார். தப்பித்தோம் என்று நான் மூச்சுவிட்டேன். அந்தக் கேக்கை நானும் வெல்டிங்காரரும் உட்கார்ந்து தின்றோம்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலை, சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடை போகிறவர்களிடம் கைபேசியில் காரின் படத்தைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். புதிதாக வரத் தொடங்கியிருந்த ஒருவர் நம்பர் பலகையைப் பார்த்துவிட்டு, "இது முடிச்சூர் டீச்சர் வீட்டு வண்டியாச்சே!" என்றார். வெள்ளம் வந்தபோது அவர் அந்த வீட்டின் மாடியில் குடியிருந்தவராம்.

"தண்ணி ஏறுது, இந்தம்மா ஃப்ரிட்ஜையும் பாக்கல, பீரோவையும் பாக்கல. கார் சீட்டைக் கழட்டுங்க, கார் சீட்டைக் கழட்டுங்கன்னு ஒரே கத்தல். இடுப்பளவு தண்ணியில நாங்க நாலு பேர் அதை மாடிக்குத் தூக்கினோம். எல்லாம் காஞ்சப்புறம் அவங்களே திரும்ப மாட்டச் சொன்னாங்க. அவங்க பொண்ணு உக்கார்ற இடம் சார் அது."

டீச்சருக்கு ஒரே மகள். பிறவியிலேயே கழுத்தும் இடுப்பும் நிற்காது. காரில் நிமிர்ந்து உட்காரட்டும் என்று அப்பா அந்தக் கட்டையை வைத்து, அந்தப் பெல்ட்டைத் தைத்திருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் அவர் ஓட்ட, தாயும் மகளும் பின்னால் உட்கார்ந்து சர்ச்சுக்குப் போவார்களாம். பத்தொன்பது வயதில் அந்தப் பெண் இறந்துவிட்டாள்.

இதைக் கேட்டு நான் உடனே ஓடினேன் என்று எழுத ஆசைதான். மூன்று வாரம் ஏரிக்கரைப் பக்கமே போகவில்லை. நான் சொன்னது பொய்யென்று சொன்ன கணமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நினைப்புத்தான் கடைசியில் என்னை முடிச்சூருக்குத் தள்ளியது.

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"முப்பது வருஷம் கிளாஸ் எடுத்தேன் சார். பொய் சொல்ற பசங்களை அப்பவே மடக்க மாட்டேன். மடக்கினா இன்னொரு பொய் சொல்லுவாங்க. தானா வரட்டும்னு விட்ருவேன். மிஞ்சிப் போனா ரெண்டு நாள்ல வந்துருவாங்க." காலித் தம்ளரை வாங்கிக்கொண்டார். "நீங்க எட்டு மாசத்துக்கு மேல எடுத்துக்கிட்டீங்க."

சீட்டைத் திரும்பச் செய்து தருகிறேன் என்றேன். "செய்யுங்க" என்றார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊரப்பாக்கம் வரை இருந்த பழைய இரும்புக் கடைகள் அத்தனையிலும் விசாரித்தேன். எங்கே கிடைக்கும்? பிரித்துப்போட்டபோது எது எங்கே இருந்தது என்று தெரிய நான் எடுத்துவைத்த படங்களில் இரண்டில் அந்தச் சீட்டு இருந்தது. அதை வைத்து அளவெடுத்தேன். கூண்டின் பின் குழாய்களை அறுத்தோம். என்ஜின், பெடல்கள், ஸ்டியரிங், ஓட்டுநர் இருக்கை எல்லாவற்றையும் முன்னால் நகர்த்தினோம். "வெக்க சொன்னதும் நீதான், அறுக்க சொல்றதும் நீதான். நல்லா பேஜார் சார் உங்கூட" என்று திட்டிக்கொண்டே செய்த வெல்டிங்காரர், கதை முழுதும் தெரிந்த நாளிலிருந்து திட்டவில்லை. அந்தக் கேக்கைப் பற்றி இருவருமே பேசவில்லை. பள்ளிக்கூடப் பை ஒன்று வாங்கி, வாரை அறுத்து, பெல்ட்டை நானே தைத்தேன்.

டீச்சர் மறுபடி வந்தார். இந்த முறை கையில் எதுவும் இல்லை. பின்னால் ஏறி வலது ஓரம் உட்கார்ந்தார். நான் முன்னால் உட்கார்ந்து என்ஜினைக் கிளப்பினேன். பந்தய என்ஜின், சைலன்சர் பெயருக்குத்தான். எந்தச் சத்தத்துக்காக அந்தச் சேஸிஸை ஆசைப்பட்டு வாங்கினேனோ அந்தச் சத்தம் மனை முழுக்க அதிர்ந்தது.

"ஆஃப் பண்ணிடுங்க சார்!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அணைத்தேன். "அவளுக்குச் சத்தம் ஆகாது" என்றார்.

வண்டி நகரவேயில்லை. பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். ஒரு முறை மட்டும் கண்ணாடியில் பார்த்தேன். இடது கையைக் காலி இடத்தின் மேல் தோள் உயரத்தில் வளைத்து வைத்திருந்தார். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. இறங்கும்போது, "கட்டை இன்னும் ரெண்டு விரல் உயரமா இருக்கணும் சார்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரமே உயர்த்திவிட்டுத் தகவல் சொன்னேன். ஊருக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன் என்றார். பிறகு முடிச்சூர் வீட்டை விற்றுவிட்டுக் கோவையில் இருக்கும் தங்கையோடு போய்த் தங்கிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புவார், நானும் பதில் அனுப்புவேன். காரைப் பற்றி அவர் கேட்டதில்லை. சைலன்சரை மாற்றிவிட்டேன், இப்போது அவ்வளவு சத்தம் இல்லை என்று சொல்லக் கை வரைக்கும் வரும், எழுதாமல் விட்டுவிடுவேன். எந்தக் கண்காட்சிக்கும் வண்டியைக் கொண்டுபோகவில்லை.

அவர் என்னை மன்னித்தாரா என்று தெரியாது. அதைக் கேட்கிற உரிமையையும் அந்தச் சீட்டோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டேன் என்றே இன்றும் நினைக்கிறேன்.