இந்தச் சின்னத் தாங்கி எதற்கு?

நிலாம் சேர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கற்பிட்டிச் சந்தையில் ஒரு பாரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் ஷிஃபானாதான் பேசினாள். "தாசன் அங்கிள், வாப்பா சுபஹு தொழுதிட்டுப் படுத்தவர். எழும்பல்ல" என்றாள். மீனை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஆலங்குடாவுக்குப் போனேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மையவாடி வாசலில் ஒதுங்கி நின்ற என்னை அவருடைய மைத்துனர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "நீங்க வெளியில நிண்டா அவர் கோவிப்பார்" என்றார். மூன்று பிடி மண் போட்டேன். நான் கத்தோலிக்கன், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். ஆனாலும் அந்த மண்ணைப் போட எனக்கு உரிமை இருந்தது என்றே நினைக்கிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் பலர், நானும் அவரும் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் அவரிடம் கணிதம் படித்தவர்கள். அவருடைய சட்டம் உங்களுக்குத் தெரியும். கணக்குப் பிழைத்தால் அழிக்கக்கூடாது, வெட்டவும் கூடாது. "எங்க வழி மாறினது எண்டு பிறகு பாக்கணும், அப்படியே கிடக்கட்டும்" என்பார். ரப்பரால் அழித்த தடம் கண்டால் ஒரு புள்ளி போய்விடும். இன்னொன்று, சரியான விடையை அவர் ஒருநாளும் தன் கையால் எழுதிக் கொடுத்ததில்லை. பிழையான விடைக்குப் பக்கத்தில் இரண்டு வரி இடம் விட்டு ஒரு கோடு போட்டுக் கொப்பியைத் திருப்பித் தருவார். "பிழை விட்டவர்தான் அதில எழுதணும்." அந்த இரண்டு வரி என்னையும் எப்படிப் பிடித்துக்கொண்டது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் மன்னார்ப் பக்கத்தவர். சண்டைக் காலத்தில், தொண்ணூறில், முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது கடல் வழியாக வந்து எங்கள் கரையில் இறங்கியவர்களில் அவரும் ஒருவர். அவருடைய வாப்பாவிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. பழைய இங்கிலாந்து வண்டி, ஒற்றைச் சிலிண்டர், கறுப்பு நிறம். வள்ளத்தில் அதை ஏற்ற முடியாது. அந்த மனிதர் வண்டியின் பிளக்கைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார், வேறு எவனும் ஓட்டிப் போய்விடக் கூடாது என்று. வண்டியை மத்தியாஸ் என்ற கத்தோலிக்கச் சிநேகிதரிடம் விட்டுவிட்டு வள்ளம் ஏறினார். இரண்டு மாதத்தில் திரும்பலாம் என்று எண்ணியவர், ஆறு வருடம் கழித்து அகதி முகாமில் கண்ணை மூடினார். பிளக் நிலாம் சேரின் அலுமாரிக்குள் வந்து சேர்ந்தது. அதை ஊருக்குக் கொண்டுபோய் அந்த வண்டியில் பூட்டி, வாப்பா நடந்து வெளியேறிய ஒழுங்கையால் அதை ஓட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். அவர் மனதில் கிடந்தது அவ்வளவுதான்.

சண்டை முடிந்த இரண்டாம் வருடம் அவர் ஊர் பார்க்கப் போனார். வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு. மத்தியாஸ் அண்ணனும் மூன்று தரம் இடம்பெயர்ந்து திரும்பியிருந்தார். ஆனால் அவருடைய ஆட்டுக்கொட்டிலில், கிழிந்த வலைகளுக்குக் கீழே, வண்டி கிடந்தது. பிளக் இல்லாத ஓட்டைக்குள் தண்ணீர் போகாமல் கோயில் மெழுகுதிரியை உருக்கி ஊற்றி அடைத்திருந்தார் அந்த மனிதர். ஒவ்வொரு தரமும் ஊருக்குத் திரும்பியவுடன் முதல் வேலையாகப் புது மெழுகு ஊற்றுவாராம். இதைச் சொன்னபோது நிலாம் சேரின் குரல் உடைந்தது. ஆசிரியர் அறையில் அவர் குரல் உடைந்ததை நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

ஐஸ் லொறியில் ஏற்றி வண்டியைக் கொண்டுவந்தார். ஸ்பானரை எந்தப் பக்கம் திருப்புவது என்றும் அறியாத மனிதர். கராஜ்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, இரும்புக்கு நிறுத்துக் கொடுக்கச் சொன்னார். அப்போதுதான் நான் இடையில் புகுந்தேன். மீனவன் மகன் நான், பத்து வயதிலிருந்து போட் எஞ்சினுக்கு எண்ணெய் கலந்தவன். எனக்குத் தெரியாத எஞ்சினா? "இதுக்கெல்லாம் கராஜ் எதுக்கு சேர்? எஞ்சின் எண்டா எஞ்சின்தானே. எங்கட வாடிக்குக் கொண்டு வாங்க, நான் பாத்துத் தாறன்" என்றேன். என் வாய் இருக்கிறதே, அதற்குப் பூட்டு இல்லை.

களப்போரத்தில், வலையும் கருவாடும் வைக்கிற கொட்டகைதான் எங்கள் அண்ணனுடைய மீன்வாடி. சனிக்கிழமைதோறும் காலையில் நாங்கள் இருவரும் அங்கே வண்டியைக் கழற்றினோம். கழற்றிய ஒவ்வொரு துண்டையும் நிலாம் சேர் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியில் படம் வரைந்து, இலக்கம் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதினார். பிறகு அவற்றைக் கருவாடு காயப்போடும் பரணில் வரிசையாக அடுக்குவார். பூனைகள் வந்து மணந்து பார்த்துவிட்டு ஏமாந்து போகும். ஒரு வாரம் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்த இரும்பு, உப்புக்காற்றில் அடுத்த வாரமே செம்மண் நிறமாகிவிடும். "தாசன் சேர், நாம முன்னுக்குப் போறமா, பின்னுக்குப் போறமா?" என்று கேட்டார். அண்ணன் ஒரு வாளி சுறா எண்ணெய் கொண்டுவந்து எல்லாவற்றிலும் பூசிவிட்டார். துரு நின்றது. மணம் மட்டும் போகவேயில்லை. நிலாம் சேரின் மனைவி, "அந்த வண்டி எண்ட வாசலுக்கு வரப்படாது" என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். ஆகவே வண்டி நிரந்தரமாக எங்கள் வாடியில் தங்கியது.

பத்து மாதம் போனது. துண்டுகளெல்லாம் திரும்பப் பூட்டியாயிற்று. ஆசனத்துக்குக் கீழே, பக்கவாட்டில், மூடி போட்ட ஒரு சின்னத் தாங்கி இருந்தது. நிலாம் சேர் கொப்பியை விரித்துக்கொண்டு கேட்டார்: "இது எதுக்கு?"

நான் பெற்றோலில் எண்ணெய் கலந்துகொண்டிருந்தேன், போட் எஞ்சினுக்குக் கலக்கிற அதே அளவில். "அது தேவையில்ல சேர். ஒயில நான் பெற்றோலோடயே கலந்திட்டன்" என்றேன். திரும்பியும் பார்க்கவில்லை.

எழுதிக்கொண்டார். கொப்பியில் இன்றைக்கும் இருக்கிறது. கேள்வி: இந்தச் சின்னத் தாங்கி எதற்கு? விடை: தேவையில்லை. தாசன் சேர்.

வாப்பாவின் பிளக்கை அவரே பூட்டினார். பன்னிரண்டாவது உதைக்கு வண்டி உயிர்பெற்றது. வாடியில் நின்ற அத்தனை பேரும் கை தட்டினார்கள். அவர் ஏறி உட்கார்ந்து, கோயில் வளைவு வரைக்கும் போய்த் திரும்பினார். திரும்பி வருகையில் எஞ்சின் ஒரு முனகலோடு இறுகியது. பின்சக்கரம் அப்படியே நின்றுவிட, வண்டியும் அவரும் மணலில் விழுந்தார்கள். முழங்கால் தோல் போயிருந்தது. எழுந்தவர் காலைப் பார்க்கவில்லை, எஞ்சினைத் தொட்டார். கை சுட்டது.

"பழைய இரும்பு சேர், களைச்சிருக்கும்" என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் கட்டி பஸ்ஸில் சிலாபத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே லேத் வைத்திருந்த சிங்கள மெக்கானிக் ஒருவர், எல்லாரும் பாஸ் என்றே கூப்பிடுகிறவர், அதைத் திறந்தார். சிலிண்டரின் உட்பக்கம் பூனை பிறாண்டியதுபோல் கிழிந்திருந்தது. விரலை உள்ளே விட்டு எடுத்து எங்களுக்குக் காட்டினார். விரல் காய்ந்திருந்தது. பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் நிதானமாக விளக்கினார். போட் எஞ்சினுக்குப் பெற்றோலில் கலந்தால் போதும், இந்த எஞ்சின் வேறு சாதி, இதற்கு ஒயில் தனித் தாங்கியிலிருந்து சுற்றி ஓட வேண்டும். "மஹத்தயா, யார் பூட்டினது இத?"

நான் வாயைத் திறக்கும் முன் நிலாம் சேர், "நான்தான்" என்றார்.

சிலாபத்திலிருந்து புத்தளம் வரும் பஸ்ஸில் வெறும் சாக்கை மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். இருபது வருடச் சண்டை அந்த எஞ்சினை ஒன்றும் செய்யவில்லை. ஒரு மனிதர் மெழுகு ஊற்றி ஊற்றிக் காத்தார். நான் நாலு நிமிடத்தில் தின்றுவிட்டேன். முந்தல் தாண்டியதும் சொன்னேன்: "சேர், அது என்ட பிழை. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிச் சொல்லிப்போட்டன்."

"தெரியும். கொப்பியில இருக்கு" என்றார்.

"பிறகேன் நீங்க பூட்டினதெண்டு சொன்னீங்க?"

"கேள்வி கேட்டது நான். விடையைச் சோதிக்காம விட்டதும் நான்தானே. கணக்கு வாத்தியார் செய்யிற வேலையா அது?" பிறகு, "அதை விடு மச்சான். பசிக்குது, புத்தளத்தில இறங்கிக் கொத்து ரொட்டி சாப்பிடுவம்" என்றார். அதுவரை பதினோரு வருடம் நாங்கள் ஒருவரையொருவர் 'சேர்' என்றும் 'நீங்க' என்றும்தான் கூப்பிட்டோம். பிழை விட்ட நாளில் எனக்கு ஒரு மச்சான் கிடைத்தார். நான் அழுதேன் என்பதை எழுத எனக்கு வெட்கமில்லை.

பாஸ் சிலிண்டரைக் கடைந்து, வேறொரு எஞ்சினின் பிஸ்டனை அளவாக்கிப் போட்டுத் தந்தார். அதற்கு மேலும் ஒரு வருடம் போயிற்று. இந்தத் தடவை எந்தத் துண்டைப் பற்றியும் எனக்குத் தெரியுமென்று நான் சொல்லவில்லை. இருவரும் கேட்டுக் கேட்டே பூட்டினோம். பிழைகள் வந்தன, எழுதிக்கொண்டோம். கார்பரேட்டரைத் தலைகீழாகப் பூட்டிவிட்டு ஒரு பகல் முழுக்க உதைத்த கதை அந்தக் கொப்பியில் ஒன்றரைப் பக்கம்.

அவருடைய ஊருக்கு அந்த வண்டியில் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வண்ணாத்திவில்லு கடந்து, எலுவன்குளத்தில் தேநீர் குடித்து, ஆற்றுப் பாலத்தில் தண்ணீர் வடியும்வரை காத்திருந்து, காட்டுப் பாதையில் மணலிலும் கல்லிலும் போனோம். நான் பின்னால், ஒரு கையில் ஒயில் போத்தலோடு. அரை மணிக்கு ஒருதரம், "மச்சான், நிப்பாட்டு, பாப்பம்" என்று அந்தச் சின்னத் தாங்கியைத் திறந்து பார்ப்பேன். "பிள்ளைக்குக் காய்ச்சல் பாக்கிற மாதிரிப் பாக்கிறாய்" என்று சிரிப்பார். அந்த ஒழுங்கைக்குள் திரும்பியபோது சிரிப்பு நின்றுவிட்டது. மத்தியாஸ் அண்ணன் வேலியோரம் நின்றார். நிலாம் சேர் நிற்கவில்லை. பற்றை வெட்டித் துப்புரவாக்கியிருந்த வீட்டு அத்திவாரத்தைச் சுற்றி மூன்று தரம் வந்தார், சின்னப் பிள்ளை மாதிரி. பிறகு இறங்கி, எஞ்சினை அணைக்காமல் அப்படியே நின்றார். "வாப்பாக்குக் கேக்கட்டும்" என்றார்.

அந்த அத்திவாரத்தில் இப்போது இரண்டு அறை வீடு நிற்கிறது. விடுமுறைக்கு விடுமுறை போய் அவர் கட்டியது.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த அடுத்த சனிக்கிழமை, ஷிஃபானா எங்கள் வாடிக்கு வந்தாள். வயது முப்பத்திரண்டு, ஸ்கூட்டி ஓட்டிப் பழக்கம், இந்த வண்டியைத் தொட்டதில்லை. "அங்கிள், இத எனக்கு ஓடக் காட்டித் தாங்க. நோன்புக்கு முந்தி ஊர் வீட்டுக்குக் கொண்டு போகணும்" என்றாள். நான் உற்சாகமாகக் கிக்கரில் காலை வைத்தேன்.

"கொஞ்சம் இருங்க" என்று அந்தக் கொப்பியை எடுத்தாள். "வாப்பா முந்தியே சொல்லி வச்சிருக்காரு. தாசன் அங்கிள் கிக்கர்ல கால வச்சா, முதல்ல இந்தப் பக்கத்தக் காட்டட்டாம்."

சுறா எண்ணெய்க் கறை படிந்த பக்கம். என் பழைய விடை வெட்டப்படாமல் அப்படியே இருந்தது. தேவையில்லை. தாசன் சேர். அதற்குப் பக்கத்தில் இரண்டு வரி இடம், கீழே ஒரு கோடு. இத்தனை வருடம் அந்தக் கொப்பியில் எத்தனையோ எழுதியவர், அந்த இடத்தை மட்டும் நிரப்பவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.

ஷிஃபானா பேனையை நீட்டினாள். எழுதினேன்: எஞ்சினுக்குள் சுற்றி ஓடும் ஒயிலுக்கு. கட்டாயம் தேவை. தாசன்.

பிறகு அந்தச் சின்னத் தாங்கியைத் திறந்து பார்த்தோம், இருவரும். அளவாக இருந்தது. எட்டாவது உதைக்குப் பிடித்தது. கியர் வலது காலில் என்று காட்டிக் கொடுத்தேன். இரண்டு தரம் நின்றுபோய் மூன்றாம் தரம் அவள் புறப்பட்டாள். கோயில் வளைவில் வண்டி மறைந்து, சத்தமும் மறைந்தது. நான் மணலில் நின்றுகொண்டு, அவருடைய கொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, காது கொடுத்தேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அவர் எனக்கென்று விட்டுவைத்த அந்த இரண்டு வரி இடம்தான். வளைவுக்கு அப்பாலிருந்து எஞ்சின் சத்தம் திரும்ப வந்தது.