தம்பிக்காக ஏறிய மேடு

என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன என்று கோயம்புத்தூர் டாக்டர் சொன்னபோது, என்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது? எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னுடையவன் என்று சொல்ல அவன் ஒருவன்தான். ரத்தம் முதல் எல்லாம் பொருந்தி வந்தது. என் எடைதான் குறுக்கே நின்றது. இந்த உடம்போடு ஆபரேஷன் செய்ய முடியாது, இளைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். அதுவரை டயாலிசிஸ் அவனைத் தாங்கும் என்றும், ரொம்ப காலம் தாங்காது என்றும் சேர்த்தே சொன்னார்.

குன்னூரில் என் வீடு மேட்டில் இருக்கிறது. ஊர் திரும்பிய மறுநாளே ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எங்கள் தெருப் பெண்கள் காலையில் கூட்டமாக நடப்பார்கள், அவர்களோடு சேர்ந்துகொண்டேன். வீட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ரோட்டில் பஸ் ஸ்டாண்டு வரை இறக்கம். அங்கே ஒரு டீ, பேக்கரியில் நெய் விட்டுச் சுட்ட மொறுமொறு வர்க்கி இரண்டு. பிறகு மினி பஸ்ஸில் ஏறி வீடு. இந்த மலையில் நடைப்பயிற்சி என்றால் இதுதான். யாராவது மேட்டில் ஏறி நடந்து வந்தால், பாவம், பஸ்ஸைத் தவற விட்டுவிட்டார் என்றுதான் நினைப்போம்.

"வர்க்கி வேண்டாம்" என்று நான் சொன்னால் கூட்டத்தில் ஓர் அம்மா விடமாட்டார். "ஏனுங்க, இவ்வளவு தூரம் நடந்துட்டு வெறும் டீயா குடிப்பாங்க? ஒண்ணும் ஆகாதுங்க, தின்னுங்க."

தின்றேன். மழைக்காலம் ஒன்று போனது. எடை இருந்த இடத்திலேயே இருந்தது. கோயம்புத்தூரில் டாக்டர் மெஷினைப் பார்த்துவிட்டு, எப்படி நடக்கிறீர்கள் என்று விசாரித்தார். சொன்னேன். அவர் சமவெளிக்காரர். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இறங்கறதை மட்டும் நடக்கறீங்களா? ஏறறதுக்கு பஸ்ஸா?"

எனக்கு மானம் போயிற்று. பக்கத்தில் ஊதிப்போன முகத்தோடு உட்கார்ந்திருந்த தம்பி மட்டும் சிரித்தான்.

அன்றிலிருந்து பஸ்ஸில் இறங்கி, மேட்டில் ஏறி நடந்தேன். நடந்தேன் என்று சொல்வது பொய். பாதி வழியில் ஒரு பழைய நிழற்குடை இருக்கிறது. அதைக் கண்டதும் கால் மரத்துப்போகும், நெஞ்சு வெடிக்கிற மாதிரி அடித்துக்கொள்ளும். இருதயம் நன்றாக இருக்கிறது என்று சோதித்துச் சொல்லியிருந்தார்கள். இருந்தும் மனசு கேட்காது. 'நீ செத்துப்போனால் அவனுக்கு யார் கொடுப்பார்கள்?' என்று நைச்சியமாக எனக்கே எடுத்துச் சொல்லும். உட்கார்ந்துவிடுவேன். பஸ் வரும், கை காட்டுவேன். பஸ்ஸுக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டே வீடு வந்த நாட்கள் உண்டு. தம்பிக்காகக்கூட ஏற முடியாத உடம்பு எதற்கு என்று என்னை நானே திட்டிக்கொள்வேன். மறுநாளும் அதே நிழற்குடையில் அதே கதைதான்.

ஒரு நாள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை. ரோட்டின் ஓரக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். மூச்சு வாங்கியது. நிழற்குடை வரட்டும், உட்காரலாம் என்று ஏறிக்கொண்டே இருந்தேன். வரவே இல்லை. கடைசியில் முன்னால் மங்கலாகத் தெரிந்தது எங்கள் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி. நிழற்குடையைத் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது.

சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. முடியாது முடியாது என்று இத்தனை காலம் என்னைப் பிடித்து உட்காரவைத்தது காலும் இல்லை, நெஞ்சும் இல்லை. ஒரு தகரக் கூரையைக் கண்ணால் பார்த்து நானே பயந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு வெறி பிடித்தவள் போல ஏறினேன். தலையைக் குனிந்துகொண்டால் போதும் என்று கண்டுகொண்டேன். காலையில் ஒரு தடவை, ஆபீஸ் விட்டு ஒரு தடவை. வாயைக் கட்டினேன். ஆபீசில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் வெட்டும்போது எழுந்து வெளியே போய்விடுவேன். ரவிக்கைகள் தொளதொளத்தன. நல்ல நம்பிக்கையோடு கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

டாக்டர் எடையைப் பார்த்தார். "நீங்க ரெடிம்மா" என்றார். அதே மூச்சில், தம்பியின் இருதயம் பலவீனப்பட்டுவிட்டது, இப்போது ஆபரேஷனைத் தாங்கமாட்டான், தேறட்டும் பார்க்கலாம் என்றார். முகம் பார்க்காமல் சொன்னார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

வார்டில் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஏனுங்க்கா, இப்படி எளச்சுப் போயிட்டீங்க? சோறு ஒழுங்கா உண்றீங்களா?" என்று கேட்டான். அவன் உதடு வெடித்திருந்தது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவனுக்கு அளந்து கொடுத்திருந்த தண்ணீரில் ஒரு வாய் எனக்கு நீட்டினான்.

அவன் தேறவில்லை. பங்குனி பிறக்கும் முன்பே போய்விட்டான். கடவுள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, தீர்ந்துவிட்டதாகச் சொல்லவும் மாட்டேன்.

துக்கம் முடிந்து ஆபீஸ் போனேன். முதல் வாரம் எல்லோரும் தணிந்த குரலில் பேசினார்கள். பிறகு ஒவ்வொருவராக அருகில் வந்தார்கள். "எப்படிங்க இப்படிக் குறைச்சீங்க? எங்களுக்கும் சொல்லித் தாங்க." தெருப் பெண்களும் கேட்டார்கள். மேட்டில் ஏறினேன் என்று மட்டும் சொல்வேன். எதற்காக என்று சொல்ல வாய் வராது.

போன மாதம் காய்ச்சல் என்று உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்தார்கள். புதிதாக வந்த டாக்டரம்மா முடிவுகளைப் பார்த்துவிட்டு மலர்ந்த முகத்தோடு சொன்னார்:

"காய்ச்சல் சாதாரணமானதுதாங்க. கிட்னி ரெண்டும் அருமையா வேலை செய்யுது. உங்களுக்கு ஒரு குறையும் இல்லைங்க."

சரிங்க என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.