எல்லைத் தெருவில் ஒரு பாட்டில்

சமையலறையில் டம்ளர் உடையும் சத்தமும், தொண்டையைக் கிழிக்கும் இருமலும் கேட்டன. தோழி தைனாவின் வீட்டுக்கு வந்திருந்த ஹெல்வி ஓடினாள். தைனாவின் கணவன் இல்மார்ஸ் தரையில் துடித்துக்கொண்டிருந்தான். ஹெல்வி தன் பட்டறையில் தயாரித்துக் கொடுத்த அடுப்பு கழுவும் திரவத்தை, ஜன்னலோரம் இருந்த, குடிக்கும் பிர்ச் மரச்சாறு என்று நினைத்து விழுங்கிவிட்டான்.

தைனா நச்சுத் தகவல் மையத்துக்கு போன் செய்து, பாட்டிலிலிருந்த கலவைக் குறியீட்டைப் படித்தாள்.

"இப்படி ஒண்ணு அவங்ககிட்ட பதிவே இல்லையாம். ஏன்டி?"

தெருவுக்கு அந்தப் பக்கம் ஹெல்வியின் எஸ்டோனியா, இந்தப் பக்கம் தைனாவின் லாத்வியா. ஒரே ஊர்தானே என்று, கலவையின் விவரத்தைத் தன் நாட்டு மையத்துக்கு மட்டுமே ஹெல்வி அறிவித்திருந்தாள். போனை வாங்கி, கலந்ததையெல்லாம் அளவோடு ஒப்பித்தாள்.

"வாந்தி எடுக்க வைக்காதீங்க. வாயை மட்டும் கொப்பளிக்கச் சொல்லுங்க" என்றது மறுமுனை.

ஆம்புலன்ஸ்காரர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைப்பானா என்று தைனா கேட்டதற்கு, "தொண்டையைப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார்கள்.

தைனா பையில் அவன் துணிகளைத் திணித்தாள்.

"நானும் ஆஸ்பத்திரிக்கு வரேன்டி."

"வேணாம். ஒரே ஊருன்னு சொல்லிச் சொல்லியே என் வீட்டுல விஷத்தை வச்சிட்ட. உன் நாட்டுக்குப் போ."

ஹெல்வி கண்ணீரோடு படியிறங்கினாள். பின்னால் கதவு சாத்தப்பட்டது.