கறிக்கடைக்காரரின் பூட்ஸ்

கறிக்கடைக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கணையம் வீங்கிய தன் நாய்க்குக் கொழுப்பு ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, தோல் நீக்கிய கோழி நெஞ்சையும் சோற்றையும் அவரே வேகவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். அப்படியும் அது மறுபடி வாந்தியெடுத்துச் சுருண்டது.

"மாமா, உங்க கைதான் சும்மா இருக்காதே! என்னத்தப் போட்டீங்க?" என்று வீட்டோடு இருந்த மாமனார்மீது எரிந்து விழுந்தார்.

"சத்தியமா ஒண்ணும் போடல மாப்ள" என்ற மாமனார், அன்று சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை.

மறுநாள் மாமனார்தான் நாயை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார். கறிக்கடைக்காரர் கடையிலிருந்து நேராக அங்கே வந்தார். மாமனார் மடியில் கிடந்த நாய் தள்ளாடி இறங்கி, கறிக்கடைக்காரரின் ரப்பர் பூட்ஸை நக்கத் தொடங்கியது.

"தினமும் இப்படித்தானா?" என்றார் டாக்டர்.

"ஆமா டாக்டர். நான் பூட்ஸ் கழுவியே வருஷமாச்சு, எல்லாம் இவன்தான்..."

பெருமையாகத் தொடங்கிய பேச்சு பாதியில் நின்றது. பூட்ஸின் ஓரமெல்லாம் ஆட்டுக்கொழுப்பு வெள்ளையாக அப்பியிருந்தது.

வீடு திரும்பியதும் குழாயடியில் குந்தி பூட்ஸைத் தேய்த்தார். பின்னால் மாமனார் வந்து நின்றார். அவர் நாலு வார்த்தை ஏசினால் தேவலை என்றிருந்தது இவருக்கு.

"வெந்நி கொண்டாந்தேன் மாப்ள. பச்சத்தண்ணில பிசுக்குப் போகாது."

கறிக்கடைக்காரர் தலை நிமிரவே இல்லை.